ரெய்ம்ஸ் நகரத்து ஃப்ளோடோவார்டு: உணர்ச்சி காட்டாத ஆண்டுக்குறிப்புகளை எப்படி வாசிப்பது?

ஏடுதேடி:

வணக்கம். பேரரசர் சார்லமேனின் வழிவந்தவர்கள் அரசுரிமையைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருந்த 10ஆம் நூற்றாண்டு மேற்குப் பிராங்கிய நாட்டை (இன்றைய பிரான்சின் முன்வடிவத்தை) பற்றி வாசித்து வருகிறேன். அந்தக் காலத்தைப் பேசும் எந்த நூலைத் திறந்தாலும், சான்றாக நிற்பவர் பெரும்பாலும் ஒருவரே: ரெய்ம்ஸ் பேராலயக் குருக்கள் குழுவைச் சேர்ந்த ஃப்ளோடோவார்டு. 919 முதல் 966 வரை ஆண்டுவாரியாக அவர் எழுதிவைத்த குறிப்புகள் கிடைத்திராவிட்டால், அந்த அரை நூற்றாண்டில் யார் யாரோடு போரிட்டார், எந்தக் கோட்டை யார் கைக்கு மாறியது என்பதைக்கூட இன்று வரிசைப்படுத்துவது கடினம்.

ஆனால் அந்தக் குறிப்புகளை மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது எனக்கு ஒரு தடை ஏற்படுகிறது. 919இல் ரெய்ம்ஸ் பகுதியில் கோழி முட்டையைவிடப் பெரிய ஆலங்கட்டிகள் விழுந்தன, அந்த ஆண்டு திராட்சை மது அநேகமாகக் கிடைக்கவே இல்லை, வடநாட்டுக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் இன்றைய பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி பகுதியைச் சூறையாடினர் என்று தொடங்குகிறார். அடுத்த ஆண்டு, அரசர் சார்லஸ் தம் ஆலோசகர் ஹகானோவைக் கைவிட மறுத்ததால் பிராங்கியப் பிரபுக்கள் அநேகமாக எல்லாரும் சுவாசோன் நகரில் அவரை விட்டு விலகினர் என்று எழுதுகிறார். இரண்டுக்கும் ஒரே குரல்தான். ஆலங்கட்டிக்கும் அரசனின் வீழ்ச்சிக்கும் வேறுபாடு காட்டாத இந்த நடையை எப்படிப் புரிந்துகொள்வது? வெர்மாந்துவா பிரபு ஹெரிபெர்டால் ஃப்ளோடோவார்டு நேரடியாகவே பாதிக்கப்பட்டவர் என்று சொல்கிறார்கள். அப்படியிருந்தும் அவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்கூட என் கண்ணில் படவில்லை. இது நடுநிலையா, அச்சமா, அல்லது ஆண்டுக்குறிப்பு என்ற எழுத்து வகையின் இயல்பு மட்டும்தானா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுவடிக்காப்பாளர்:

நல்ல கேள்வி. இதற்கு விடை தேட வேண்டுமானால், ஃப்ளோடோவார்டு எழுதியவை ஆண்டுக்குறிப்புகள் மட்டுமல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ரெய்ம்ஸ் திருச்சபையின் வரலாற்றை நான்கு பாகங்களில் தனி நூலாகவும் அவர் எழுதினார். பாலஸ்தீனம், அந்தியோக்கியா, இத்தாலி ஆகிய பகுதிகளின் புனிதர்களைப் பாடும், ஏறத்தாழ 20,000 அடிகள் கொண்ட இலத்தீன் செய்யுள் நூல் ஒன்றும் அவருடையது. ஆண்டுக்குறிப்புகளை மட்டும் வாசிப்பவருக்கு அவர் உணர்ச்சியற்ற எழுத்தராகத் தெரிவது இயல்புதான். திருச்சபை வரலாற்றின் நான்காம் பாகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே ஆண்டுகளை வாசித்தால் வேறு மனிதர் ஒருவர் புலப்படுவார்.

அவர் 893இலோ 894இலோ பிறந்தவர். ரெய்ம்ஸ் பேராலயப் பள்ளியிலேயே கல்வி கற்று, அங்கேயே குருவானவர். அவருடைய வாழ்க்கையை உலுக்கிய நிகழ்ச்சி 925இல் நேர்ந்தது. அந்த ஆண்டு பேராயர் சியுல்ஃப் இறந்ததும், ஹெரிபெர்ட் தம் மகன் ஹியூவைப் பேராயராகத் தேர்ந்தெடுக்கச் செய்தார். அந்தச் சிறுவனுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. ஆன்மிகப் பொறுப்புகளை சுவாசோன் ஆயர் ஆபோ கவனித்துக்கொள்ள, பேராயத்தின் நிலங்களும் வருமானமும் ஹெரிபெர்டின் கைக்குப் போயின. திருத்தந்தை பத்தாம் யோவானும் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் அளித்துவிட்டார். அந்தத் தேர்தலில் கலந்துகொள்ளாதவர்களுள் ஃப்ளோடோவார்டும் ஒருவர். அதற்காக, திருச்சபைச் சொத்திலிருந்து அவருக்குக் கிடைத்துவந்த மானியங்கள் பறிக்கப்பட்டன.

இந்த இழப்பைத் திருச்சபை வரலாற்றில் அவரே பதிவு செய்கிறார். அந்தப் பதிவின் அமைப்பைக் கவனியுங்கள். குருக்கள் சிலரிடமிருந்தும் பொதுமக்கள் சிலரிடமிருந்தும் ஹெரிபெர்ட் அநியாயமாக மானியங்களைப் பறித்துத் தமக்கு வேண்டியவர்களுக்குப் பங்கிட்டார் என்று சொல்லும் இடத்தில், தம்மையும் அந்த வரிசையில் ஒருவராகச் சேர்த்துவிட்டு மேலே நகர்ந்துவிடுகிறார். தம் துன்பத்தைத் திருச்சபையின் துன்பத்திலிருந்து பிரித்துக் காட்ட அவர் விரும்பவில்லை. சியுல்ஃப் ஹெரிபெர்டின் ஆட்களால் நஞ்சூட்டப்பட்டார் என்று பலர் சொல்வதாகவும் எழுதுகிறார். பொறுப்பைப் பலர் மீது ஏற்றினாலும், செய்தியை விட்டுவிடவில்லை.

தாங்கள் முன்வைத்த மூன்று விடைகளுள் அச்சம் என்பதை முழுவதும் தள்ளிவிட முடியாது. ரெய்ம்ஸ் நகரம் அவர் வாழ்நாளில் எத்தனை முறை கைமாறியது என்று பாருங்கள். 931இல் அரசர் ரவுல் நகரைக் கைப்பற்றி ஆர்டோல்டு என்ற துறவியைப் பேராயராக்கினார். 940இல் ஹெரிபெர்டும், ஹியூ பெருமகன் என்ற மற்றொரு பிரபுவும் சேர்ந்து முற்றுகையிட்டு நகரைப் பிடித்து, அதற்குள் இளைஞனாகிவிட்டிருந்த சிறுவன் ஹியூவைத் திரும்பவும் அமர்த்தினர். 946இல் மேற்குப் பிராங்கிய அரசர் நான்காம் லூயி, கிழக்குப் பிராங்கிய அரசர் முதலாம் ஓட்டோ, பர்கண்டி அரசர் கொன்ராட் ஆகிய மூவரும் படையோடு வந்து ஆர்டோல்டை மீண்டும் அமர்த்தினர். நேற்று எழுதிய ஏடு நாளை எதிர்த்தரப்பின் கையில் கிடைக்கலாம் என்ற நிலையில், அந்தந்த ஆண்டிலேயே எழுதும் ஒருவர் அளந்துதான் எழுதுவார்.

அவருடைய எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. 940இல், தூர் நகரத்திலுள்ள புனித மார்ட்டின் கல்லறைக்குத் திருப்பயணம் போக அவர் முனைந்தபோது, வேறு உள்நோக்கத்தோடு செல்கிறார் என்ற சந்தேகத்தின் பேரில் தடுக்கப்பட்டு, ஐந்து மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். கோர்மிசி ஊர்க் கோவிலும் அவர் கையைவிட்டுப் போயிற்று.

ஆனாலும் அச்சம் மட்டுமே காரணம் என்றால், நிலைமை சீரடைந்த பிறகு அவர் ஆண்டுக்குறிப்புகளைத் திருத்தி எழுதியிருக்கலாம். 948க்குப் பின் வெற்றி பெற்ற தரப்பில் இருந்தவர் அவர். அப்படியிருந்தும் அந்தக் குறிப்புகளின் குரல் மாறவே இல்லை.

வடகரையான்:

சுவடிக்காப்பாளர் ஐயா சொன்னதோடு ஓர் ஒப்பீட்டைச் சேர்க்க விரும்புகிறேன். ஃப்ளோடோவார்டு இறந்து ஏறத்தாழ ஒரு தலைமுறை கழித்து, அதே ரெய்ம்ஸில், புனித ரெமிஜியுஸ் மடத்துத் துறவி ரிஷே ஒரு வரலாறு எழுதினார். தொடக்ககாலச் செய்திகளுக்கு ஃப்ளோடோவார்டின் குறிப்புகளையே பயன்படுத்திக்கொண்டதாக அவரே சொல்கிறார். அந்தக் குறிப்புகள் அவருடைய கையில் என்ன ஆயின என்பதைப் பார்த்தால், மூல ஆசிரியரின் கட்டுப்பாடு எவ்வளவு அரியது என்பது விளங்கும்.

923 ஜூன் 15, சுவாசோன் போர். அன்று ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் வேளை, அன்று போர் நடக்கும் என்று எதிர்பாராத, சார்லஸுக்கு எதிராகப் பிரபுக்கள் அரசராக்கிய ராபெர்ட்டின் படையினர் பலர் உணவருந்திக்கொண்டிருந்தபோது, அரசர் சார்லஸ் எய்ன் (Aisne) என்னும் ஆற்றைக் கடந்து வந்து தாக்கினார் என்று ஃப்ளோடோவார்டு எழுதுகிறார். இரு தரப்பிலும் பலர் மடிந்தனர், ஈட்டிகளால் குத்தப்பட்டு ராபெர்ட் இறந்தார் என்பதோடு போர்க்களச் செய்தியை முடித்துக்கொள்கிறார். ரிஷே அதே போருக்கு மேடைப்பேச்சுகளைச் சேர்க்கிறார். ஒரு பக்கம் ஏறத்தாழ 12,000 பேரும் மறுபக்கம் 7,000க்கு மேற்பட்டோரும் இறந்தனர் என்று எண்ணிக்கையும் தருகிறார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?

ஞாயிறு, நண்பகல், உணவு என்ற மூன்று சிறு செய்திகளே அங்கே தீர்ப்பின் வேலையைச் செய்துவிடுகின்றன என்பது என் கருத்து. ஆண்டவருடைய நாளில் போர் தொடுத்தவர் அரசரே ஆனாலும் அதை எழுதாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

மடத்துவாசல்:

வடகரையானின் கடைசிக் கருத்தோடு நான் பெரிதும் ஒத்துப்போகிறேன். அந்தப் போருக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். தோற்ற சார்லஸை வரவழைக்க ஹெரிபெர்ட் தம் உறவினர் பெர்னார்டைத் தூது அனுப்புகிறார். நம்பி வந்த அரசர் சிறைப்பிடிக்கப்படுகிறார். தூது சென்றவர்களுக்கு அந்த வஞ்சகம் தெரியாது என்று சொல்லப்படுவதாக ஃப்ளோடோவார்டு இடையில் ஒரு சிறு தொடரை வைக்கிறார். தூதர்கள் அறியாமல் இருந்தார்கள் என்றால், வஞ்சகம் ஒன்று இருந்தது என்பதும், அது யாருடையது என்பதும் தாமே வெளிப்பட்டுவிடுகின்றன. தாங்கள் தேடிய கடுஞ்சொல், ஏடுதேடி அவர்களே, அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. அந்த அரசர் 929இல் பெரோன் கோட்டையில், சிறைப்பட்டவராகவே இறந்தார்.

ஆனால் ஃப்ளோடோவார்டின் உண்மையான ஆயுதம் ஆவணம் என்பதே நான் சொல்ல விரும்புவது. ரெய்ம்ஸ் பேராயத்தின் ஆவணக் காப்பறையில் பேராயர்களின் கடிதங்கள், அரசர்களும் திருத்தந்தையரும் அளித்த உரிமைச் சாசனங்கள், நிலக்கொடைப் பதிவுகள் எல்லாம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சுருக்கியும், சில இடங்களில் முழுமையாகவும் அவர் நூலில் சேர்த்தார். 845 முதல் 882 வரை பேராயராக இருந்த ஹின்க்மருக்கு மட்டும் மூன்றாம் பாகம் முழுவதையும் ஒதுக்கினார். ஹின்க்மர் எழுதிய நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்களின் சாரம் அதில் இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் மூலம் பின்னாளில் அழிந்துவிட்டது. கரோலிங்கியர் (சார்லமேன் குலத்தவர்) காலத்தின் தலைசிறந்த திருச்சபைச் சட்ட அறிஞர் ஒருவர் யாருக்கு, எதைப் பற்றி எழுதினார் என்பதை இன்று நாம் அறிவதற்கு, நூறு ஆண்டுகள் கழித்து ஒரு குரு பொறுமையோடு உட்கார்ந்து எடுத்த குறிப்புகளே காரணம். அந்த உழைப்பை நினைக்கும்போது எனக்கு அவர் மீது மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

இந்த உழைப்புக்கு நேரடியான ஒரு தேவையும் இருந்தது. ஐந்து வயதுச் சிறுவன் பெயரில் திருச்சபைச் சொத்து ஒரு பிரபுவின் குடும்பத்துக்குப் போன காலத்தில், எந்த ஊர் யாரால் எப்போது கொடுக்கப்பட்டது, எந்தப் பேராயர் அதை எப்படி மீட்டார் என்பதை எழுதிவைப்பது வழக்காடுவதற்கு ஒப்பானது. அவருடைய நான்கு பாகங்களிலும் பேராயர்களை அளக்கும் கோல் பெரும்பாலும் இதுதான்: திருச்சபையின் உடைமையைக் காத்தாரா, இழந்தாரா? அதனால் நடுநிலை என்ற சொல்லை நான் அவருக்குப் பயன்படுத்த மாட்டேன். அவர் ரெய்ம்ஸ் திருச்சபையின் பக்கம் உறுதியாக நின்றவர். அந்தத் திருச்சபையின் நீதி ஆவணத்தாலேயே நிறுவப்படும் என்று நம்பியதால், தம் குரலை உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 948 ஜூன் மாதம் இங்கெல்ஹெய்மில் கூடிய ஆயர் பேரவை. திருத்தந்தையின் தூதர் மரினுஸ் தலைமையில், அரசர்கள் லூயியும் ஓட்டோவும் அமர்ந்திருக்க, ரெய்ம்ஸ் பேராயர் பதவி யாருக்குரியது என்ற வழக்கு விசாரிக்கப்பட்டது. ஆர்டோல்டுடன் ஃப்ளோடோவார்டும் சென்றிருந்தார். ஆர்டோல்டின் முறையீடு இலத்தீனில் வாசிக்கப்பட்ட பின், அரசர்கள் இருவருக்காகவும் ஜெர்மானிய மொழியில் எடுத்துரைக்கப்பட்டது என்று அவர் குறிப்பிடுகிறார். அந்த முறையீட்டைத் தம் வரலாற்றில் முழுமையாகவே சேர்த்திருக்கிறார். எதிர்த்தரப்பில் சிகெபால்டு என்ற குருத்துவத் தொண்டர் உரோமையிலிருந்து கொண்டுவந்த ஒரு கடிதத்தை நீட்டினார். ஆர்டோல்டை நீக்கிவிட்டு ஹியூவை மீண்டும் அமர்த்த வேண்டும் என்று ரெய்ம்ஸ் மாநிலத்து ஆயர்கள் கேட்டுக்கொண்டதாக அது சொல்லியது. அந்த ஆயர்களுள் அங்கே இருந்தவர்கள் எழுந்து, அப்படியொரு கடிதத்தைத் தாங்கள் பார்த்ததுமில்லை, அதற்கு இசைந்ததுமில்லை என்று மறுத்தனர். சிகெபால்டின் திருப்பட்டம் பறிக்கப்பட்டு அவர் வெளியேற்றப்பட்டார். ஒரு தரப்பில் அடுக்கடுக்கான சான்றுகள், மறுதரப்பில் பொய்க் கடிதம். ஆசிரியர் தம் சொந்தக் கருத்தாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை, சேர்க்கவுமில்லை. ஹியூ திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

ஏடுதேடி:

அனைவருக்கும் நன்றி. ஹெரிபெர்டின் தூதரைப் பற்றிய அந்தத் தொடரை நான் வாசித்தும் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். இன்னும் ஒரு ஐயம் இருக்கிறது. ஆவணத்தை இவ்வளவு மதித்தவர், புதுமைகளையும் (தெய்வ அற்புதங்களையும்) வானத்துக் குறிகளையும் ஏன் அத்தனை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்? 934இல் ரெய்ம்ஸ் வானத்தில் தீப்படைகள் ஓடின என்கிறார். 937இல் கொள்ளையிட வந்த ஹங்கேரியன் ஒருவன் கோவில் பீடத்தின் மேல் ஏற முயன்றபோது அவன் கை கல்லோடு ஒட்டிக்கொண்டது, தோழர்கள் அந்தக் கல்லைச் சுற்றிலும் உடைத்து எடுத்ததால் கல்லோடேயே அவன் போக வேண்டியதாயிற்று என்றும் எழுதுகிறார். இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?

சுவடிக்காப்பாளர்:

ஃப்ளோடோவார்டு எல்லாவற்றையும் எளிதாக ஏற்றவர் அல்லர். திருச்சபை வரலாற்றின் முதல் பாகத்திலேயே அதற்குச் சான்று உண்டு. உரோமாபுரியை நிறுவிய ரோமுலுஸின் உடன்பிறப்பு ரெமுஸ்தான் ரெய்ம்ஸ் நகரைக் கட்டினார் என்று ஊரார் பெருமையாகச் சொல்லிவந்தனர். ரெமுஸ் தன் சொந்த நாட்டிலேயே கொல்லப்பட்டான் என்று பழைய உரோமானிய ஆசிரியர்கள் எழுதியிருப்பதால் அது பொருந்தாது என்று அவர் மறுக்கிறார். வேண்டுமானால் அவனுடைய படைவீரர்கள் ஓடிவந்து கட்டியிருக்கலாம் என்று ஒரு மாற்றும் சொல்கிறார். அந்த மாற்றை இன்று நாம் ஏற்க மாட்டோம். ஆனால் தம் நகரத்துக்குப் பெருமை சேர்க்கும் கதையைச் சான்று இல்லை என்பதற்காக அவர் உதறினார் என்பது சிறிய செய்தி அன்று.

புதுமைகளைப் பொறுத்தவரை, அவருக்கு அவையும் சான்றுகளே. புனித ரெமிஜியுஸ் இந்தத் திருச்சபையைக் காத்துவருகிறார், இதன் உடைமையில் கைவைப்பவர் தண்டனைக்கு உள்ளாவார் என்பது அவர் உள்ளார நம்பிய செய்தி. பீடத்தில் ஒட்டிக்கொண்ட கை கொள்ளைக்காரன் ஒருவனுடையது. வாசித்தவர்களுக்கு வேறு கொள்ளைக்காரர்களும் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

அவர் புதுமை என்று எழுதிய ஒன்று இன்றைய மருத்துவ வரலாற்றாளர்களுக்கு அரிய சான்றாகிவிட்டதையும் சொல்ல வேண்டும். 945ஆம் ஆண்டுக் குறிப்பில், பாரிஸ் வட்டாரத்தில் மக்களின் கைகால்கள் தீயால் எரிவதுபோல வெந்து அழுகின என்கிறார். பாரிஸ் நகரத்து மரியன்னை ஆலயத்துக்கு வந்து சேர முடிந்தவர்கள் நலம் பெற்றனர். ஹியூ பெருமகன் அவர்களுக்கு நாள்தோறும் உணவளித்தார். குணமாகிவிட்டது என்று வீடு திரும்பிய சிலருக்கு எரிச்சல் மீண்டும் மூண்டது, ஆலயத்துக்குத் திரும்பியதும் தணிந்தது. கோதுமையைப் போன்ற தானியமான ரையில் பிடிக்கும் எர்காட் என்ற பூஞ்சையின் நச்சே இந்த நோய்க்குக் காரணம் என்று இன்று பலர் கருதுகின்றனர். வீட்டு ரொட்டியை விட்டுப் பிரபுவின் களஞ்சியத்துத் தானியத்தை உண்டபோது நோய் தணிந்து, வீட்டு ரொட்டிக்குத் திரும்பியதும் மீண்டும் தலைகாட்டியிருக்கலாம் என்று விளக்க முடிகிறது. காரணத்தை அறியாமலே, காரணத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான விவரம் எதையும் அவர் எழுதாமல் விட்டுவிடவில்லை. வீடு திரும்பியவர்களுக்கு நோய் திரும்பியது என்ற செய்தி புதுமையின் பெருமையைக் கூட்டும் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

மடத்துவாசல்:

மேலே எவரும் தொடாத ஒரு பகுதியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். தம்மைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசும் இடங்கள் மிகச் சில. 936க்கும் 937க்கும் இடையில் உரோமைக்குச் சென்றபோது திருத்தந்தை ஏழாம் லியோ தம்மை அன்போடு வரவேற்றதைச் செய்யுள் நூலில் நன்றியோடு பாடுகிறார். ஆண்டுக்குறிப்புகளில், 963ஆம் ஆண்டின் கீழ், எழுபது வயதாகி மூப்பாலும் நோயாலும் தளர்ந்துவிட்டதால் தம் பொறுப்பைப் பேராயர் ஓடால்ரிக்கின் முன்னிலையில் துறந்ததையும், அது தம் பெயரே கொண்ட உறவுமகனுக்கு அளிக்கப்பட்டதையும் எழுதுகிறார். அவருடைய பிறந்த ஆண்டை நாம் கணக்கிடுவதே இந்தக் குறிப்பைக் கொண்டுதான். பொறுப்பைத் துறந்த பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. 966 மார்ச் 28 அன்று அவர் இறந்த செய்தியை வேறொரு கை அதே ஆண்டுக்குறிப்புகளில் சேர்த்திருக்கிறது.

ஏடுதேடி அவர்கள் 919இலிருந்து வரிசையாக வாசித்துவந்தால் பெயர்களின் நெரிசலில் களைப்பு ஏற்படக்கூடும். 920 முதல் 925 வரையுள்ள குறிப்புகளையும் 940 முதல் 948 வரையுள்ள குறிப்புகளையும் முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் திருச்சபை வரலாற்றின் நான்காம் பாகத்தில் அதற்கு இணையான அதிகாரத்தை உடன் வாசியுங்கள். முதல் நூலில் ஒரு வரியாக இருக்கும் நிகழ்ச்சி இரண்டாவதில் ஒரு பக்கமாக விரியும் இடங்களையும், இரண்டாவதில் இருப்பது முதலாவதில் இல்லாத இடங்களையும் தனியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தங்கள் முதல் கேள்விக்கு வேண்டிய சான்றுகள் அந்த இடங்களில்தான் அடர்ந்து கிடக்கின்றன.